பாட்டைக் கண்ணால் பார்ப்போமா?

வானொலி அறிவிப்பாளர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பாடல் காதில் விழுவதற்கு முன்பே எங்கள் கண்ணில் பட்டுவிடும். ஒலிபரப்புக் கூடத்தில் என் எதிரே இருக்கும் திரையில், அடுத்து வரப்போகும் பாடல் ஓர் அலையாகப் படுத்துக் கிடக்கும். அலை மெலிந்திருக்கும் இடம் முன்னிசை. தடித்து எழும் இடத்தில் பாடகர் தொடங்குகிறார். அதைப் பார்த்துத்தான் எத்தனை விநாடி பேசலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போடுவோம். பக்கத்தில் ஒலியளவைக் காட்டும் இரண்டு பட்டைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அவை சிவப்பைத் தொட்டால் குரல் கரகரக்கப் போகிறது என்று பொருள்.

நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் எங்களைவிட அந்தப் பட்டைகளைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். ஒவ்வொருவராக மைக்கில் கத்தி, பட்டையை மேலே ஏற்றிப் பார்த்துச் சிரிப்பார்கள். “அக்கா, இது வீட்டுல வெச்சுக்க முடியுமா?” என்ற கேள்வி தவறாமல் வரும்.

முடியும். பெரிய செலவும் இல்லை. வீட்டில் ஒரு சாதாரண மடிக்கணினி இருந்தால் போதும். இசையைப் படமாக்கிக் காட்டும் மென்பொருள்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பில் வரவேற்பறைத் தொலைக்காட்சியை அலங்கரிக்கவும் அவற்றைப் பயன்படுத்தலாம், பிள்ளைகளுக்குத் தமிழ் உச்சரிப்பு சொல்லிக் கொடுக்கவும் பயன்படுத்தலாம். எங்கள் வீட்டில் அவை இன்னொரு காரியமும் செய்தன. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய விளையாட்டுதான்

இசையைத் திரையில் ஆடவிடும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1970களிலேயே அடாரி நிறுவனம் ‘வீடியோ மியூசிக்’ என்ற பெட்டியை விற்றது. வீட்டு ஸ்டீரியோவை அதில் இணைத்து, அதைத் தொலைக்காட்சியில் மாட்டினால், பாட்டுக்கேற்ப வண்ணக் கட்டங்கள் விரியும், சுருங்கும். பெரிதாக விற்பனையாகவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு இது அறிமுகமானது வின்ஆம்ப் மூலம்தான். 1997இல் வெளிவந்த அந்தப் பாடல் இயக்கி இல்லாத கணினி அப்போது அரிது. அதற்காக ரயன் கீஸ் என்ற நிரலாளர் 2001இல் எழுதியதுதான் ‘மில்க்டிராப்’. அண்ணன்மார் கணினியில் எம்பி3 பாடல்களைப் போட்டுவிட்டு, திரையில் சுழலும் வண்ணங்களை வாய் பிளந்து பார்த்த தலைமுறை எங்களுடையது. பிறகு கைப்பேசி வந்தது. பாடல்கள் இணையத்துக்குப் போயின. காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பாட்டு கேட்கத் தொடங்கினோம். திரையில் ஆடிய வண்ணங்களும் காணாமல் போயின.

ஆனால் மில்க்டிராப் சாகவில்லை. அதன் மூல நிரல் 2005இல் பொதுவில் வெளியிடப்பட்டது. அதே பாணிப் படங்களை விண்டோஸ், மேக், லினக்ஸ் என எல்லாக் கணினிகளிலும் ஓடச் செய்யும் ‘புரொஜெக்ட்எம்’ என்ற திறந்தமூல மென்பொருளைத் தன்னார்வலர்கள் இன்றும் பராமரிக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

பொருத்துவதற்கு முன், இந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பின்னால் வரும் சிக்கல்கள் பாதி தீரும்.

குறுந்தட்டில் பதிவான பாடல் ஒரு விநாடிக்கு 44,100 எண்களாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் எண்ணும் அந்தக் கணத்தில் ஒலி அலை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைச் சொல்கிறது. மென்பொருள் இவற்றில் 1,024 எண்களை, அதாவது ஏறக்குறைய 23 மில்லி விநாடி அளவுள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். அந்தத் துண்டுக்குள் தாழ்ந்த ஒலி எவ்வளவு, நடுத்தர ஒலி எவ்வளவு, உயர்ந்த ஒலி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறது. கலந்து வைத்த சாம்பாரைச் சுவைத்து, பருப்பு இவ்வளவு, புளி இவ்வளவு என்று பாட்டி சொல்வாரே, அதுபோலத்தான்.

எந்தச் சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்ற கணிதத்துக்கு அடித்தளம் போட்டவர் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே. அந்தக் கணக்கை வேகமாகச் செய்யும் வழியைக் கூலி, டூக்கி என்ற இருவர் 1965இல் வெளியிட்டார்கள். இன்று உங்கள் மடிக்கணினி அதை ஒரு விநாடிக்குப் பல பத்து முறை அலுங்காமல் செய்துவிடும்.

பிரித்துக் கிடைத்த அளவுகளை வைத்துத்தான் படம் வரையப்படுகிறது. சில மென்பொருள்கள் பட்டைகளாகக் காட்டும். மில்க்டிராப் குடும்பம் வேறு வழியில் போகும். முன்பு வரைந்த படத்தையே கொஞ்சம் பெரிதாக்கி, கொஞ்சம் திருப்பி, அதன்மேல் புதிய ஒலி அலையை வரையும். இதையே திரும்பத் திரும்பச் செய்வதால் பழைய கோடுகள் புகைபோல விரிந்து மறைய, புதியவை நடுவிலிருந்து பிறந்துகொண்டே இருக்கும்.

முதல் படி: விஎல்சி

புதிதாகத் தொடங்குபவர்கள் விஎல்சியில் தொடங்குவது நல்லது. ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சாலைக் கூம்புச் சின்னம் போட்ட காணொளி இயக்கி அது. பலருடைய கணினியில் ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டால் அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். வேறு தளங்களில் கிடைப்பவற்றோடு வேண்டாத நிரல்களும் ஒட்டிக்கொண்டு வரலாம்.

கணினியில் சேமித்திருக்கும் ஒரு பாடலை அதில் திறங்கள். படமில்லாத, ஒலி மட்டும் உள்ள கோப்பாக இருக்கட்டும். மேலே ‘ஆடியோ’ பட்டியலைச் சொடுக்கினால் அதற்குள் ‘விஷுவலைசேஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதில் ‘ஸ்பெக்ட்ரம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பட்டைகள் ஆடும். ‘கூம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் வண்ணங்கள் பாயும். ‘எஃப்’ விசையைத் தட்டினால் முழுத்திரை. அவ்வளவுதான் வேலை.

இங்கேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். அதே பட்டியலில் ‘வியூ மீட்டர்’ இருக்கிறது. பழைய வானொலிக் கூடங்களில் இருந்த முள் அளவிகளைப் போல இரண்டு முட்களைக் காட்டும். ஒன்று இடப்பக்க ஒலிபெருக்கிக்கு, மற்றது வலப்பக்கத்துக்கு. 1950, 60களின் பாடல் ஒன்றைப் போடுங்கள். பழைய மோனோப் பதிவு அப்படியே இருந்தால், இரண்டு முட்களும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒன்றாகவே ஆடும். அடுத்து, ஸ்டீரியோ பதிவுக்குப் பேர்போன ‘பிரியா’ படப் பாடல் ஒன்றைப் போடுங்கள். 1978இல் வெளிவந்து, நம் பக்கத்து ஊரான சிங்கப்பூரிலும் படமாக்கப்பட்ட ரஜினி படம். முட்கள் இப்போது தனித்தனியாக ஆடும். இளையராஜா எந்தக் கருவியை எந்தப் பக்கம் உட்கார வைத்தார் என்று தேடத் தோன்றும். நாற்பது முறை கேட்ட பாட்டை நாற்பத்தோராவது முறை புதிதாகக் கேட்பீர்கள்.

இரண்டாம் படி: புரொஜெக்ட்எம்

விஎல்சி தன்னிடம் கொடுத்த கோப்பை மட்டுமே காட்டும். நம்மில் பெரும்பாலோர் இப்போது பாட்டு கேட்பது இணையத்தில். வலையொளியிலோ பாடல் செயலியிலோ ஓடும் பாட்டுக்கு வண்ணம் ஆட வேண்டுமென்றால், கணினியின் ஒலியைக் கவனித்துக் கேட்கும் மென்பொருள் தேவை. புரொஜெக்ட்எம் அதற்குப் பொருத்தமானது.

நிறுவி முடித்ததும் பலர் சொல்லும் புகார் ஒன்றே: “படம் வருது, ஆனா பாட்டுக்கு ஆட மாட்டேங்குது.” காரணம், மென்பொருள் எந்த ஒலியைக் கேட்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, மைக். மடிக்கணினியின் மைக்கையே உள்ளீடாகத் தேர்ந்தெடுத்தால் அறையில் கேட்கும் எல்லாவற்றுக்கும் படம் ஆடும். பாட்டுக்கும் ஆடும், குக்கர் விசிலுக்கும் ஆடும். வீட்டில் யாராவது பாடினாலோ வாசித்தாலோ இந்த வழிதான் நல்லது. கணினி கேட்கும்போது மைக்குக்கு அனுமதி கொடுக்க மறக்காதீர்கள்.

இரண்டாவது, கணினி வெளியே அனுப்பும் ஒலியை உள்ளுக்குள்ளேயே பிடிப்பது. இதை ‘லூப்பேக்’ என்பார்கள். விண்டோஸ் கணினிகளில் இதற்கான வசதி உண்டு. உள்ளீட்டுப் பட்டியலில் ‘லூப்பேக்’ என்றோ ‘ஸ்டீரியோ மிக்ஸ்’ என்றோ தென்பட்டால் அதைத் தேர்ந்தெடுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் ‘பிளாக்ஹோல்’ போன்ற மெய்நிகர் ஒலி இணைப்பு ஒன்றைக் கூடுதலாக நிறுவ வேண்டியிருக்கலாம். இந்த வழியில் அறைச் சத்தம் கலக்காது. படம் துல்லியமாக ஆடும்.

எதையும் நிறுவ விருப்பமில்லையா? ‘பட்டர்சர்ன்’ என்ற பதிப்பு இணைய உலாவியிலேயே ஓடும். அலுவலகக் கணினியில் மென்பொருள் போட அனுமதி இல்லாதவர்கள் உணவு இடைவேளையில் முயலலாம்.

படம் திக்கித் திக்கி வந்தால் கணினி மேல் பழி போடாதீர்கள். மென்பொருளின் அமைப்பில் படத்தின் அளவையோ நுணுக்கத்தையோ ஒரு படி குறைத்தால் பழைய கணினியிலும் ஓடும். மின்கலத்தில் ஓட்டாமல் மின்சாரத்தில் மாட்டி ஓட்டுவதும் உதவும்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு கதவு இருக்கிறது. மில்க்டிராப் பாணியில் ஒவ்வொரு வடிவமும் ஒரு சிறிய எழுத்துக் கோப்பு. இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. நோட்பேடில் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவை சமன்பாடுகள். ‘ஜூம்’ என்பதன் மதிப்பு 1 என்றால் படம் அப்படியே நிற்கும். 1.1 என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் பத்து விழுக்காடு பெரிதாகும். ‘பேஸ்’ என்ற மதிப்பு பாட்டின் தாழ்ந்த ஒலியைக் குறிக்கும். வழக்கமான அளவு என்றால் 1, பலமாக அடித்தால் அதற்கு மேல். ஜூமை பேஸோடு இணைத்துவிட்டால், தவில் அடிக்கும்போதெல்லாம் படம் முன்னே பாயும். என் அக்கா மகன் படிவம் இரண்டில் படிக்கிறான். கணிதப் புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறவன், இதில் எண்களை மாற்றி மாற்றி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாம் படி: பெரிய திரை

மடிக்கணினியிலிருந்து தொலைக்காட்சிக்கு ஓர் எச்டிஎம்ஐ கேபிள் போதும். படம் வந்து சத்தம் வரவில்லை என்றால், கணினியின் ஒலி வெளியீட்டைத் தொலைக்காட்சிக்கு மாற்றுங்கள். ஒலி போகும் இடம் மாறியதால், புரொஜெக்ட்எம்மின் உள்ளீட்டையும் ஒருமுறை சரிபாருங்கள்.

புளூடூத் ஒலிபெருக்கி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்தே வரும். படத்தில் தாளம் விழுந்த பிறகுதான் காதில் விழும். பார்ப்பவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது. கம்பி வழி இணைப்பு இந்தத் தொல்லையைப் போக்கிவிடும். அப்படியும் படம் பின்தங்கினால் தொலைக்காட்சியில் ‘கேம் மோட்’ என்ற அமைப்பைப் போட்டுப் பாருங்கள்.

அழகு போதும், விவரம் வேண்டும் என்பவர்களுக்கு

இதுவரை சொன்னவை கண்ணுக்கு விருந்து. இசையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ‘ஸ்பெக்ட்ரோகிராம்’ என்ற படத்துக்கு வர வேண்டும். இதைப் படிப்பது எளிது. இடமிருந்து வலம் நேரம் ஓடும். கீழே தாழ்ந்த ஒலி, மேலே உயர்ந்த ஒலி. எங்கே பிரகாசமாக இருக்கிறதோ அங்கே சத்தம் அதிகம்.

கூகுள் 2016இல் வெளியிட்ட ‘குரோம் மியூசிக் லேப்’ தளத்தில் இது உண்டு. உலாவியில் திறந்து, மைக்குக்கு அனுமதி கொடுத்தால் போதும், பேசப் பேச வரையும். பதிவு செய்த பாடலை ஆராய வேண்டுமென்றால் ‘ஆடாசிட்டி’ என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் பாடலைத் திறந்து, அதன் பெயருக்கு அருகிலுள்ள பட்டியலில் ‘ஸ்பெக்ட்ரோகிராம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் உங்கள் குரலைப் பாருங்கள். ‘ஆ’ என்று இழுத்தால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள் அடுக்கிக்கொள்ளும். ‘ஸ்’ என்றால் கோடுகள் மறைந்து மேலே ஒரு மேகம் வரும். இப்போது ‘ல’வை நீட்டிச் சொல்லிவிட்டு ‘ழ’வை நீட்டிச் சொல்லுங்கள். நாக்கு சரியாக மடங்கினால், மேலேயிருந்த பிரகாசமான பட்டை ஒன்று கீழிறங்கி அதற்கு அடுத்ததை நெருங்கும். “நாக்கை மடக்கு, மடக்கு” என்று பிள்ளையிடம் நூறு முறை சொல்வதைவிட, “அந்தக் கோட்டைக் கீழே கொண்டு வா பார்க்கலாம்” என்று ஒரு முறை சொல்வது பலன் தருகிறது. என் ஆறு வயது மகள் ‘வாழைப்பழம்’ என்ற சொல்லை அப்படித்தான் வென்றாள். அறிவிப்பாளர் வீட்டுப் பிள்ளை ‘வாளைப்பளம்’ என்று சொன்னால் நேயர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஒரு பாட்டுக் கோப்பின் தரத்தையும் இதில் கண்டுபிடிக்கலாம். புலனத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பி வரும் பாடல்கள் பெரும்பாலும் சுருக்கப்பட்டவை. 128 கிலோபிட் எம்பி3 என்றால் பொதுவாக 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் கறுப்பு. கோப்பின் பெயரில் ‘எச்டி’ என்று எழுதியிருந்தாலும் படம் பொய் சொல்லாது. இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டு இரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். பண்பலை வானொலியும் 15,000 ஹெர்ட்ஸ் வரையில்தான் ஒலிபரப்புகிறது. அதற்கு மேலே 19,000 ஹெர்ட்ஸில் ஸ்டீரியோவுக்கான வழிகாட்டிச் சமிக்ஞை உட்கார்ந்திருக்கிறது. பழைய வீட்டுத் தொலைபேசியோ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தும். நேரலையில் அதில் அழைத்துப் பேசும் நேயரின் குரல் திரையில் ஒரு குறுகிய பட்டையாகத்தான் தெரியும். ‘சசி’ என்று பெயர் சொன்னாரா, ‘ரதி’ என்றாரா என்று நாங்கள் திரும்பக் கேட்பது அதனால்தான்.

உறுமியும் மிருதங்கமும்

தைப்பூசக் காலத்தில் நம் ஊரில் உறுமி மேளம் கேட்காத காது இருக்க முடியாது. பத்துமலைக்குக் காவடி ஏறும் வழியில் அது உறுமும்போது உடம்பு சிலிர்க்கிறது என்போம். கைப்பேசியில் பதிவு செய்த ஓர் உறுமி ஒலியை ஸ்பெக்ட்ரோகிராமில் போட்டுப் பாருங்கள். சாதாரணத் தட்டு நேர்க்குத்தான ஒரு கோடாக விழுந்து மறையும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது மட்டும் கோடு வளைந்து ஏறும், இறங்கும். மனிதன் முனகும்போதும் குரல் இப்படித்தான் வழுக்கி ஏறி இறங்கும். உறுமி ஏன் ஒரு குரல் போலக் கேட்கிறது என்பது அந்த வளைவைப் பார்த்தால் புரிந்துவிடுகிறது.

மிருதங்கம் இன்னொரு ஆச்சரியம். பொதுவாகத் தோல் கருவிகளின் துணை ஒலிகள் ஒழுங்கற்றவை. திரையில் கோடுகள் தாறுமாறான இடைவெளியில் விழும். மிருதங்கத்தின் வலந்தலையில் கணீரென்று ஒலிக்கும் தட்டைப் பாருங்கள். கோடுகள் ஏணிப்படிகள்போல ஏறத்தாழச் சம இடைவெளியில் நிற்கும். வீணைத் தந்திக்கும் குரலுக்கும் உள்ள ஒழுங்கு அது. நடுவில் பூசியிருக்கும் கறுப்புக் கரணைதான் இந்த வேலையைச் செய்கிறது. இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் திருச்சியில் பிறந்த சி.வி. இராமன். நோபல் பரிசு பெறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1920இல், இந்திய மேளங்களின் இந்த இயல்பைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அவர் ஆய்வுக்கூடத்தில் கண்டதை நாம் இன்று சமையலறை மேசையில் காண்கிறோம்.

தாத்தாவும் ஜால்ராவும்

இனி எங்கள் வீட்டுக் கதை. அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் செம்பனை ஆலையில் வேலை செய்தவர். கொதிகலன் பிரிவு. காதைப் பிளக்கும் இரைச்சல். பணி ஓய்வு பெற்று எங்களோடு வந்த பிறகு தொலைக்காட்சியின் சத்தம் மாதம் ஒரு புள்ளி ஏறிக்கொண்டே போனது. “ஒருமுறை காதைப் பரிசோதிக்கலாம்ப்பா” என்று இரண்டு ஆண்டுகளாகச் சொன்னோம். “எனக்கு நல்லாத்தான் கேக்குது. இப்ப உள்ளவங்க வாய்க்குள்ளயே பேசுறாங்க” என்பார். பேச்சு அங்கே முடிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை மாலை, கோயிலில் பதிவு செய்த பஜனை ஒன்றை என் மகள் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்தக் கோடு எது என்று பேத்தி பாடம் நடத்தினாள். கீழே மிருதங்கம், நடுவில் குரல், மேலே வரிசையாக விழுந்த மெல்லிய கோடுகள் ஜால்ரா.

“இது ஜிங் ஜிங் தாத்தா. பாருங்க, இப்ப... இப்ப... இப்ப...”

அப்பா கோடுகளையே பார்த்தார். பிறகு ஒலிபெருக்கிக்கு அருகில் காதைக் கொண்டுபோனார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“கோடு வருது. சத்தம் வரலையேம்மா” என்றார் என்னிடம்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இன்னும் இரண்டு பாட்டு போடச் சொன்னார். மேலே கோடு விழும்போதெல்லாம் விரலால் திரையைத் தொட்டார். எழுந்துபோகும்போது, “அந்தக் காது டாக்டரைப் பார்க்கணும்னியே, எப்பப் போகலாம்?” என்று அவரே கேட்டார்.

முதுமையிலும், நீண்ட கால இரைச்சலாலும் கேட்கும் திறன் குறையும்போது பெரும்பாலும் உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். தாழ்ந்த ஒலிகள் நன்றாகவே கேட்கும். அதனால் ‘எனக்குக் கேட்கிறது’ என்று அப்பா சொன்னதில் பொய் இல்லை. கதவு சாத்துவது கேட்கும், லாரி போவது கேட்கும். ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகள் மட்டும் நழுவிவிடும். பேச்சு காதில் விழும், சொல் புரியாது. பழைய தொலைபேசியில் பேசுவதுபோலத்தான்.

மருத்துவமனையில் எடுத்த கேட்புத்திறன் வரைபடத்தை அப்பாவால் உடனே படிக்க முடிந்தது. இடப்பக்கம் தாழ்ந்த ஒலி, வலப்பக்கம் உயர்ந்த ஒலி. அவருடைய கோடு வலப்பக்கம் போகப் போகச் சரிந்திருந்தது. “ஜால்ரா இருக்கிற இடம்” என்று அந்தச் சரிவைக் காட்டி அவரே சொன்னார். இப்போது இரண்டு காதிலும் கருவி. முதல் வாரம், தகரக் கூரையில் மழை விழும் சத்தம் தாங்க முடியவில்லை என்று முறையிட்டார். தொலைக்காட்சிச் சத்தம் இறங்கிவிட்டது. பேத்தி சொல்லும் கதையை ‘ம்’ கொட்டி முழுதாகக் கேட்கிறார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக் கணினியில் செய்வது காது பரிசோதனை ஆகாது. கணினியின் ஒலிபெருக்கியே சில உயர்ந்த ஒலிகளைச் சரியாக வெளியிடாமல் இருக்கலாம். முறையான பரிசோதனையைக் கேட்புத்திறன் வல்லுநர்தான் செய்ய வேண்டும். ஆனால் அங்கே போக மறுக்கும் பெரியவருக்கு, குற்றம் சாட்டாமல் ஒரு விஷயத்தைக் காட்ட இந்தப் படம் உதவக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

மில்க்டிராப் வகைப் படங்களில் சில வேகமாகப் பளிச்சிடும். வலிப்பு நோய் உள்ளவர்களில் சிலருக்கு இத்தகைய ஒளி வலிப்பைத் தூண்டலாம். ஜப்பானில் 1997 டிசம்பரில் ஒளிபரப்பான போக்கிமோன் கேலிச்சித்திரத் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதால், ஏறக்குறைய 700 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். திரையில் எதுவும் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக்கூடாது என்பது இணையப் பக்கங்களுக்கான பொது வழிகாட்டி. விருந்தினர் வரும் நாளில், மெதுவாக ஓடும் வடிவங்களை முன்கூட்டியே தேர்ந்து வைத்து அவற்றை மட்டும் ஓடவிடுங்கள். அறை விளக்கை முழுதாக அணைக்க வேண்டாம். யாருக்காவது தலை சுற்றினாலோ கண் கூசினாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

ஒலியளவும் முக்கியம். படம் நன்றாக ஆட வேண்டும் என்பதற்காகச் சத்தத்தை ஏற்றத் தேவையில்லை. மென்பொருளில் உள்ளீட்டின் அளவைத்தான் கூட்ட வேண்டும். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்பது பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமைக்கு அளவுகோல் எதுவும் இல்லை.

இந்த வாரமே தொடங்கலாம்

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுவ வேண்டாம். முதல் நாள் விஎல்சியில் உங்களுக்குப் பிடித்த ஒரு பாடலைப் போட்டு, இரண்டு முட்களையும் பாருங்கள். அடுத்த நாள் ஸ்பெக்ட்ரோகிராமில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தங்கள் பெயரைச் சொல்லிப் பார்க்கட்டும். ‘ழ’ உள்ள பெயர்க்காரருக்கு முதல் வாய்ப்புக் கொடுங்கள். வார இறுதியில் புரொஜெக்ட்எம்மைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிடலாம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர்களிடம் விடுங்கள். காதுக்கருவிகளைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாரும் ஒரே பாட்டை ஒன்றாகக் கேளுங்கள். அவர்களுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று விளையாட்டாகக் கேட்டும் பாருங்கள். பதில் எப்படி வந்தாலும், பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்க விஷயம் கிடைக்கும்.